பாப்லரைத் தட்டில் வளர்த்த கதை

சென்ற பொங்கல் விழாவின்போது நம் சங்க மண்டபத்தின் வாசலில், கோலத்துக்குப் பக்கத்தில், ஒரு ஸ்டூலின் மேல் மரம் ஒன்றை வைத்திருந்தேன். இரண்டரை அடி உயரம், ஒரே அடியிலிருந்து கிளம்பிய ஐந்து தண்டுகள். இலை ஒன்றுகூடக் கிடையாது. உள்ளே நுழைந்தவர்களில் பாதிப்பேர் அதை ஒரு கணம் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு பெரியவர் மட்டும் நின்று, என் காதருகே குனிந்து, "சார், தப்பா நினைச்சுக்காதீங்க. நல்ல நாளும் அதுவுமா செத்துப்போன செடியை வாசல்ல வெச்சிருக்கீங்களே, உள்ளே தள்ளி வெச்சிடலாமே" என்றார்.

"சாகலை சார், தூங்குது" என்றேன். அவர் நம்பவில்லை. ஒரு சிறு கிளையின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிக் காட்டினேன். உள்ளே பச்சைப் பசேல். "அட!" என்றவர், மதியச் சாப்பாட்டுப் பந்தி வரை கேள்விகளை விடவில்லை. அவரைப் போலவே இன்னும் சிலர் கேட்டார்கள். இதழ்க் குழுவினர், "ஆளுக்கு ஆள் பதில் சொல்வதைவிட எழுதியே கொடுத்துவிடுங்களேன்" என்றார்கள். அதன் விளைவுதான் இந்தக் கட்டுரை. நான் தோட்டக்கலை படித்தவன் அல்லன். கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவன். செய்து பார்த்ததையும் கெடுத்துப் பார்த்ததையும் மட்டுமே எழுதுகிறேன்.

எந்த மரம் இது?

அம்பாலாவிலிருந்து யமுனாநகர், சகாரன்பூர் பக்கம் போயிருப்பவர்கள் இந்த மரத்தைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். கோதுமை வயலுக்குள் நூல் பிடித்து நட்டதுபோல் வரிசை வரிசையாக நிற்கும். குளிர்காலத்தில் பார்த்தால் விளக்குமாறுகளைத் தலைகீழாக நட்டு வைத்தது போலிருக்கும். அதுதான் பாப்லர்.

தமிழில் இதற்கு வழக்கில் ஒரு பெயர் இல்லை. சிலர் நெட்டிலிங்கம் என்று மொழிபெயர்க்கிறார்கள். நம் ஊர்ப் பள்ளிக்கூட வாசல்களில் ஊசி போல் நிற்கும் நெட்டிலிங்கம் வேறு குடும்பம். அதற்கும் இதற்கும் உறவில்லை. இந்தியிலும் ஒரு குழப்பம் உண்டு. சஃபேதா என்றால் சமவெளியில் தைலமரம். அதே சொல் காஷ்மீரத்தில் பாப்லரைக் குறிக்கும்.

பாப்லரில் சுமார் 30 இனங்கள் உண்டு. நம் வயல்களில் நிற்பது அமெரிக்காவிலிருந்து வந்த பாப்புலஸ் டெல்டாய்டிஸ். இமயமலைக்கென்றே ஒரு பாப்லர் இருக்கிறது. அதை மலைவாசிகள் 'பஹாடி பீப்பல்', அதாவது மலை அரசு என்கிறார்கள். பெயர் வைத்தவர் கண்ணுள்ளவர். பாப்லர் இலையைக் கையில் எடுத்தால் அரசிலை ஞாபகம்தான் வரும். வால் மட்டும் குறைவு. காற்றே இல்லாதபோதும் சலசலக்கும் குணமும் அப்படியே. இதன் இலைக்காம்பு பக்கவாட்டில் தட்டையாக, ரிப்பன் போல இருக்கிறது. அதனால் சிறு காற்றுக்கும் இலை நிலைகொள்ளாமல் ஆடுகிறது.

சென்னையில் திருவொற்றியூர்ப் பக்கம் வாழ்ந்தவர்களுக்கு விம்கோ நகர் தெரியும். அந்தப் பெயருக்குக் காரணமான தீப்பெட்டிக் கம்பெனிதான், தீக்குச்சிக்கு மரம் வேண்டுமென்று, 1980களில் வட மாநில விவசாயிகளிடம் பாப்லர் நடும் திட்டத்தைப் பரப்பியது. பிறகு பிளைவுட் ஆலைகள் பெருகின. இன்று யமுனாநகரின் பிழைப்பே இந்த மரத்தைச் சுற்றித்தான். நட்ட 6 முதல் 8 ஆண்டுகளில் வெட்டி, குவிண்டால் கணக்கில் மண்டியில் நிறுத்துப் போடுகிறார்கள். கார்த்திகை, மார்கழியில் இலை உதிர்ந்துவிடுவதால் அடியில் கோதுமைக்கு வெயில் கிடைக்கிறது. ஒரே நிலத்தில் ரொட்டியும் பலகையும்!

இன்னொரு விஷயம். இந்த மரங்களை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. நாம் முருங்கையைப் போத்து வெட்டி நடுகிறோமே, அதே முறைதான். வயலில் ஜி-48 என்ற ரகத்தைப் பார்த்தீர்களானால், ஆயிரம் மரமும் ஒரே மரத்தின் துண்டுகள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பட்டினி போடுகிறோமா?

போன்ஸாய் என்ற ஜப்பானியச் சொல்லுக்குத் தட்டில் நட்டது என்று பொருள். இந்தக் கலை சீனாவில் பிறந்து ஜப்பானில் வளர்ந்தது. இதைப் பற்றி நம்மவர்களிடம் இருக்கும் முதல் எண்ணம், மரத்தைப் பட்டினி போட்டுச் சூம்ப வைக்கிறார்கள் என்பது. என் தாயாரும் அப்படித்தான் நினைத்தார்.

2013 பொங்கலுக்குக் கும்பகோணம் போய்த் திரும்பும்போது அம்மாவையும் சண்டிகருக்கு அழைத்து வந்திருந்தோம். மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு வயதான பாப்லரின் தண்டை மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தேன். ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போர்த்திக்கொண்டு வெயில் காய்ந்துகொண்டிருந்த அம்மா, "ஏண்டா, ரெண்டு வருஷமா பிள்ளை மாதிரி வளத்துட்டு இப்படிக் கழுத்தை அறுக்கறியே! வளர்ற மரத்தை வளரவிடாம பண்றது பாவம்டா" என்றார்.

"முருங்கையை வருஷா வருஷம் நீ வெட்டலையாம்மா?" என்றேன்.

"அது காய்க்கறதுக்கு. இது எதுக்கு?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன். பட்டினி போட்டால் மரம் குட்டையாகாது, செத்துப் போகும். தட்டில் இருக்கும் மரத்துக்கு நல்ல மண், நல்ல வெயில், தவறாத தண்ணீர், அளவான எரு எல்லாம் வேண்டும். உயரம் குறைவது இரண்டு காரணங்களால். நுனியை வெட்டுகிறோம், வேரையும் அவ்வப்போது வெட்டிப் புதுவேர் விடவைக்கிறோம். மரத்தின் உள்குணம் மாறுவதே இல்லை. போன்ஸாய் விதை என்று சந்தையில் யாராவது விற்றால் வாங்காதீர்கள். குட்டை மரத்துக்கென்று தனி விதை கிடையாது.

பாப்லரின் மூன்று பிடிவாதங்கள்

பழகிய போன்ஸாய்க்காரர்கள் பாப்லரை விரும்பமாட்டார்கள். காரணம் இருக்கிறது.

முதலாவது, இலை பெரிது. வயல் பாப்லரின் இலை உள்ளங்கையை மறைக்கும். காம்பும் நீளம். தட்டில் பல ஆண்டுகள் வெட்டி வெட்டிக் கிளைகளைப் பெருக்கினால் இலை பாதியளவுக்கு வரும். அதற்குக் கீழே எதிர்பார்க்கக் கூடாது. ஆகையால் அரையடி, முக்காலடியில் பாப்லர் செய்ய ஆசைப்படாதீர்கள். இரண்டடிக்குக் குறைந்தால் மரத்தில் இலை இருப்பதுபோல் இராது, இலைக்குள் மரம் இருப்பதுபோல் இருக்கும். காஷ்மீரத்தில் சாலையோரம் ஊசியாக நிற்கும் லொம்பார்டி பாப்லரின் இலை இதைவிடச் சிறிது. அது கிடைத்தால் அதிர்ஷ்டம்.

இரண்டாவது, காயம் ஆறாது. பெரிய கிளையை அறுத்தால் மாமரம் போலப் பட்டை வளர்ந்து மூடாது. மெத்தென்ற மரமாதலால் நீர் இறங்கி உள்ளே உளுத்துவிடும். தீக்குச்சிக்கு ஏற்ற மரம் என்றால் சும்மாவா? எனவே தடித்த கிளையாகும்வரை காத்திருந்து வெட்டாமல், பென்சில் கனத்திலேயே வெட்டிவிட வேண்டும். அடித்தண்டை ஒருமுறை அறுப்பது தவிர்க்க முடியாதது. அந்த வெட்டைச் சரிவாக அறுத்து, மழுங்கச் சீவி, மேலே காயப்பசை பூசிவிட வேண்டும். என் மரத்தின் நடுவில் ஒரு பொந்து விழுந்துவிட்டது. முதலில் வருந்தினேன். இப்போது பார்க்கிறவர்கள் அந்தப் பொந்தைத்தான் முதலில் பாராட்டுகிறார்கள்!

மூன்றாவதுதான் பெரிய பிடிவாதம். தனக்கு வேண்டாத கிளையை பாப்லர் தானே உதிர்த்துவிடும். நிழலில் சிக்கிய கிளை, வெயிலில் வாடிய கிளை எல்லாம் ஒருநாள் காய்ந்து, தொட்டதும் கணுவோடு கழன்று வரும். இந்தக் கிளை இடது பக்கம், அந்தக் கிளை வலது பக்கம் என்று நாம் படம் போட்டு வைத்திருப்போம். அது தன் இஷ்டத்துக்கு ஒன்றைக் கைவிடும். நான் கற்ற பாடம்: மூன்று கிளை வேண்டுமானால் ஆறு கிளை வைத்துக்கொள்ள வேண்டும். ஒற்றைத் தண்டை நம்பாமல் நாலைந்து தண்டுகளாக வளர்க்க வேண்டும். ஒன்று போனாலும் மற்றவை குடும்பத்தைக் காப்பாற்றும்.

எப்படி வளர்ப்பது?

இனி செய்முறை. வடக்கே குளிரும் கோடையும் தெளிவாகப் பிரிந்திருக்கும் ஊர்களுக்கு இது பொருந்தும்.

போத்து: தை பாதியிலிருந்து மாசி முடிவதற்குள், மரம் இலையின்றித் தூங்கும்போது, ஒரு வயதுக் கிளையிலிருந்து கட்டைவிரல் கனமுள்ள குச்சிகளை 20 முதல் 25 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டுங்கள். ஒருநாள் முழுக்கத் தண்ணீரில் மூழ்க வைத்து, மேலே ஒரு மொட்டு மட்டும் தெரியும்படி நடுங்கள். தலைகீழாக நட்டுவிடாதீர்கள், மொட்டின் நுனி மேல்நோக்கி இருக்க வேண்டும். பங்குனியில் துளிர்விடும். பத்து குச்சி நட்டால் ஏழெட்டு பிழைக்கும்.

முதல் இரண்டு ஆண்டுகள்: தட்டில் நடாதீர்கள். தோட்டம் இருந்தால் தரையில், இல்லாவிட்டால் பெரிய தொட்டியில் அல்லது அடியில் ஓட்டை போட்ட பெயிண்ட் டப்பாவில் விட்டு நன்றாக வளரவிடுங்கள். முதல் வருடமே ஆள் உயரம் தாண்டும். அடித்தண்டு பருப்பது உயரம் போவதால்தான். தட்டுக்குப் போன பிறகு தண்டு அதிகம் பருக்காது. தரையில் வைப்பவர்கள் வீட்டுச் சுவரையும் சாக்கடைக் குழாயையும் விட்டுத் தள்ளி வையுங்கள். தண்ணீர் இருக்குமிடத்தை இதன் வேர் மோப்பம் பிடித்துப் போகும்.

தண்டை அறுத்தல்: இரண்டாவது அல்லது மூன்றாவது ஆண்டின் மாசியில், மொட்டு பெருக்கும் சமயம், அடியில் ஒரு சாண் விட்டு அறுத்துவிடுங்கள். பயம் வேண்டாம். பங்குனியில் கட்டையைச் சுற்றிலும் பதினைந்து இருபது துளிர்கள் வெடித்துக் கிளம்பும். கைவிரல் நீளம் வரும்வரை விட்டு, நல்ல இடத்தில் இருக்கும் ஏழெட்டை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் திருகி எடுங்கள். அவற்றில் ஐந்து நிலைத்தால் அதுவே உங்கள் மரம்.

வெட்டும் முறை: துளிர் ஆறேழு இலை விட்டதும் இரண்டு இலையை நிறுத்திக் கத்தரியுங்கள். கணுவிலிருந்து இரண்டு கிளை வரும். அவற்றையும் அப்படியே. ஆடி, ஆவணி மழையில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை கத்தரி எடுக்க வேண்டியிருக்கும். இந்த மாதங்களில் சோம்பல்பட்டால் செப்டம்பரில் உங்கள் மரம் வாழைக்கன்று போல் நிற்கும்.

கம்பி: பச்சையாக இருக்கும் இளந்துளிரை அலுமினியக் கம்பி சுற்றி வளைக்கலாம். முற்றிய கிளை படக்கென்று ஒடியும். கம்பி சுற்றினால் வாரம் ஒருமுறை பார்த்தே ஆகவேண்டும். வேகமாகப் பருக்கும் மரமாதலால் மூன்று நான்கு வாரத்தில் கம்பி பட்டையைக் கடித்துவிடும். நான் கம்பியை விட்டு, நூல் கட்டிக் கீழே இழுத்துவிடுவதோடு சரி.

மண்ணும் எருவும்: சலித்த கரடு ஆற்றுமணல் ஒரு பங்கு, பட்டாணி அளவுக்கு உடைத்த செங்கல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய சாண எரு ஒரு பங்கு. வடிய வேண்டும், ஈரமும் தங்க வேண்டும். சித்திரையிலிருந்து புரட்டாசி வரை பதினைந்து நாளைக்கு ஒருமுறை கடுகுப் பிண்ணாக்கை ஊறவைத்துத் தெளிநீரை நிறையத் தண்ணீரில் கலந்து ஊற்றுகிறேன். நம் ஊரில் கடலைப் பிண்ணாக்கு கிடைப்பதுபோல இங்கே எந்த எண்ணெய்ச் செக்கிலும் இது கிடைக்கும். நாற்றத்துக்கு மட்டும் பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேர்: தட்டுக்கு மாறிய பிறகு ஒன்று அல்லது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, மாசியில், தட்டிலிருந்து எடுத்து மூன்றில் ஒரு பங்கு வேரை வெட்டிப் புது மண்ணில் வையுங்கள். தட்டின் அடி ஓட்டை வழியாகக் கம்பி கோத்து வேரைக் கட்டிவிட்டால் ஆடிக்காற்றில் சாயாது.

பூச்சி: மழைக்காலத்தில் இலையைத் தின்னும் புழுக்கள் வரும். சிறு மரம்தானே? இலையைத் திருப்பிப் பார்த்துக் கையால் எடுத்துப் போட்டாலே போதும். மருந்து தேவைப்பட்டதில்லை.

மே மாத விடுமுறை என்ற எமன்

இப்போது என் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டிய இடம் வந்துவிட்டது. மேலே சொன்ன ஐந்து தண்டு மரம் என் இரண்டாவது மரம். முதல் மரத்தை நான் கொன்றுவிட்டேன்.

2007-ல் அலுவலக நண்பர் ஒருவர், சர்தார்ஜி, யமுனாநகர்ப் பக்கம் தன் அண்ணன் வயலிலிருந்து நாலு போத்து கொண்டுவந்து கொடுத்தார். அதில் நன்றாக வந்ததை 2009-ல் ஆழமில்லாத தட்டில் நட்டேன். 2010 மே மாதம், குழந்தைக்குப் பள்ளி விடுமுறை விட்டதும், வழக்கம்போல் இருபது நாள் கும்பகோணம் கிளம்பினோம். பக்கத்து வீட்டில் சாவி கொடுத்து, தினம் ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொன்னோம். நல்ல மனிதர்கள். சொன்னபடி தினமும் காலையில் ஊற்றினார்கள். குறை அவர்களிடம் இல்லை. வெளியே 44 டிகிரி, நாள் முழுக்க லூ காற்று. இரண்டு அங்குல ஆழத் தட்டில் காலையில் ஊற்றிய நீர் மதியத்துக்குள் காய்ந்துவிடும். ஆற்றங்கரையில் பிறந்த மரம் பாப்லர். எத்தனை இலையோ அத்தனை வாய். கோடையில் அதற்கு ஒரு நாளைக்கு இரண்டு வேளை, சில நாள் மூன்று வேளை கூடத் தண்ணீர் வேண்டும். இதை நான் சொல்லவில்லை. எனக்கே அப்போது தெரியாது.

திரும்பி வந்தபோது மரம் நிமிர்ந்துதான் நின்றது. இலைகள் உதிரக்கூட இல்லை. மரத்திலேயே பழுப்புக் காகிதமாகிவிட்டிருந்தன. பட்டையைச் சுரண்டினேன். அடி வரை பழுப்பு.

நம்மைப் போல் வெளியூரில் வாழும் குடும்பங்களுக்கு இதுதான் செடி வளர்ப்பில் பெரிய சிக்கல். இங்கே செடிக்குத் துணை மிக அவசியமான மாதத்தில்தான் நமக்கு ஊர் டிக்கெட் புக் ஆகியிருக்கும். பிறகு நான் கண்டறிந்த வழிகள் இவை:

1. தட்டு மரத்தை அப்படியே வைத்துவிட்டுப் போகாதீர்கள். தோட்டம் இருந்தால் கிழக்கு வெயில் மட்டும் படும் இடத்தில், தட்டின் விளிம்பு வரை மண்ணில் புதைத்துவிடுங்கள். அடியில் வேர் மண்ணுக்குள் இறங்கிக்கொள்ளும். வந்த பிறகு கத்தரித்துக்கொள்ளலாம்.

2. மாடிவீடானால் ஓர் அகன்ற பிளாஸ்டிக் தொட்டியில் நான்கு அங்குலம் மணல் நிரப்பி நனைத்து, அதன்மேல் தட்டை அழுத்தி வையுங்கள். மேல்மண்ணை ஈரச் சாக்கால் மூடுங்கள். காலை, மாலை இருவேளையும் மணல் நனையும்படி ஊற்றச் சொல்லுங்கள். மற்ற மரங்களுக்கு வேர் அழுகும். கோடை பாப்லர் தாங்கும்.

3. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு இலைகளில் பாதியைக் காம்பை விட்டுக் கத்தரித்துவிடுங்கள். வாய் குறைந்தால் தாகம் குறையும்.

4. எல்லாவற்றையும்விட நல்ல வழி, மே மாதத்தில் போகாமலிருப்பது.

நான்காவது வழி

நான்காவதைப் படித்துச் சிரிப்பீர்கள். என் மனைவியும் சிரித்தாள். "மரத்துக்காக யாராவது லீவை மாத்துவாங்களாங்க?" என்றாள். ஆனால் யோசித்துப் பாருங்கள். மார்கழி, தையில் பாப்லருக்கு இலை இல்லை. மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை மண்ணை நனைத்தால் போதும். பக்கத்து வீட்டாருக்கும் சிரமமில்லை. இங்கே பள்ளிகளுக்குக் குளிர் விடுமுறையும் ஜனவரியில் வருகிறது. நாலைந்து நாள் கூடுதலாக லீவு சொன்னால் பொங்கலுக்கு ஊரில் இருக்கலாம்.

1996-ல் சண்டிகர் வந்ததிலிருந்து அதுவரை நான் ஒரு பொங்கலுக்குக்கூட ஊரில் இருந்ததில்லை. மே மாதம் போனால் எல்லாருக்கும் வெயில், வேர்வை, கரண்ட் போன புழுக்கம். அம்மா விசிறியால் பேத்திக்கு வீசிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். 2011-ல் முதன்முறையாகப் பொங்கலுக்குப் போனோம். அம்மா வாசல் நிறையக் கோலம் போட்டு, பேத்தி கையைப் பிடித்துப் புள்ளி வைக்கச் சொல்லிக் கொடுத்தார். புது மஞ்சள் கொத்து, கரும்பு, கன்றுக்குட்டிக்கு நெட்டி மாலை எல்லாவற்றையும் என் பெண் அன்றுதான் கண்ணால் பார்த்தாள். திரும்பி வந்ததும் மாசியில் புதிய போத்துகள் நட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் பொங்கலுக்குப் போனோம். மரத்துக்காக என்றுதான் சொல்லிக்கொண்டோம்.

2013-ல் அம்மா கழுத்தை அறுக்கிறாய் என்று சொன்ன கதைக்கு மீண்டும் வருகிறேன். அன்று அறுத்த மேல்பாகத்தை நான் குப்பையில் போடவில்லை. அதிலிருந்து போத்துகள் வெட்டி நண்பரின் அண்ணனிடம் கொடுத்தேன். அவர் ஒன்றை எடுத்து, போர்செட்டுக்குப் பக்கத்தில் வயல் மூலையில் நட்டு வைத்தார். 2015 டிசம்பரில் அங்கே போனபோது அது இரண்டு மாடி வீட்டைவிட உயரமாக நின்றது. போட்டோ எடுத்துக்கொண்டு 2016 பொங்கலுக்கு ஊருக்குப் போய் அம்மாவிடம் காட்டினேன். "நீ பாவம்னு சொன்னியே, அந்த மரம்தான்மா இது. அன்னைக்கு வெட்டின துண்டு."

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "தட்டுல இருக்கறதும் இதுவும் ஒண்ணா?"

"ஒண்ணேதான்."

"அப்ப அதுக்கு வளர மறக்கலை. நீ வளக்கற இடம்தான் சின்னது" என்றார். அதற்குமேல் பாவம் என்று சொல்லவில்லை.

அந்த ஆண்டு ஜூன் மாதம் அம்மா காலமானார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2011 முதல் 2016 வரை ஆறு பொங்கல். அந்த முதல் மரம் சாகாமல் இருந்திருந்தால் எனக்கு அந்த ஆறு கிடைத்திருக்குமா என்று தெரியவில்லை.

வயல் மூலையில் நின்ற மரத்தை 2021-ல் வெட்டி விற்றுவிட்டார்கள். விவசாயிக்கு அது பயிர்; நான் வருந்த உரிமையில்லை. யாருடைய வீட்டிலோ அது இப்போது கதவாகவோ கட்டிலாகவோ இருக்கும். தட்டிலிருப்பது மட்டும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

தெற்கே கொண்டுபோகலாமா?

பணி ஓய்வுக்குப் பின் கும்பகோணம் திரும்புவதாக முடிவு செய்திருக்கிறோம். மரத்தையும் கொண்டுபோகப் போகிறீர்களா என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. பாப்லருக்குக் குளிர்காலத் தூக்கம் அவசியம். 28 பாகை வட அட்சத்துக்கு வடக்கேதான் இதை விவசாயிகளுக்குப் பரிந்துரைக்கிறார்கள். கும்பகோணம் 11 பாகை. அங்கே மார்கழிப் பனியில் நமக்குத்தான் குளிரும். இந்த மரத்துக்கு அது போதாது. தூங்கவும் முடியாமல் விழிக்கவும் முடியாமல் இரண்டொரு வருடத்தில் தளர்ந்துவிடும். மும்பை, பெங்களூர், சென்னை அன்பர்கள் போன்ஸாய் செய்ய விரும்பினால் அரசு, ஆல், இச்சி மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அவை அந்த மண்ணின் மரங்கள். தவறுகளையும் பெருந்தன்மையோடு மன்னிக்கும்.

என் மரம் இங்கேயே இருக்கும். இங்கேயே வேலையில் சேர்ந்துவிட்ட என் பெண், "நான் பார்த்துக்கறேன்ப்பா" என்று சொல்லியிருக்கிறாள். அவளுக்கு நான் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: மே மாதம் எங்களைப் பார்க்க வரக் கூடாது, பொங்கலுக்கு வரவேண்டும்.

வரும் மாசியில் மரத்தைத் தட்டு மாற்றுவேன். அப்போது கத்தரிக்கும் கிளைகளிலிருந்து இருபது, இருபத்தைந்து போத்துகளாவது கிடைக்கும். அவற்றை ஈரத்துணியில் சுற்றி, சங்கத்தின் மாதக் கூட்டத்துக்கு எடுத்து வருகிறேன். வேண்டியவர்கள் ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளலாம். ஒன்றைத் தொட்டியில் வையுங்கள். இன்னொன்றை, நிலம் உள்ள நண்பர் யாராவது இருந்தால், வயல் மூலையில் நடச் சொல்லிக் கொடுங்கள்.